சோறு போட்ட அக்கா

எண்ணூர் கடற்கரையில் எங்கள் சர்ச் பிள்ளைகளுக்கு நடந்த கோடை முகாமில் நான் பாட்டு சொல்லிக்கொடுத்தேன். சமையல் ஒரு ராயபுரத்து அக்கா. எல்லோரையும்போல அவரும் சம்பளமில்லாமல்தான் வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, சிரிக்காத முகம், காதில் பிளாஸ்டிக் கம்மல்.

பிள்ளைகளுக்கு மீனில் முள் எடுத்துப் போடுவார். முகாம் தலைவர் தட்டோடு வந்தால் மட்டும், "நில்லுங்க சார்" என்பார். அந்தத் தலைவர் லாரி முதலாளி. பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட்டு எழும்வரை வெயிலில் நிற்பார். பிள்ளைகளுக்குத்தான் முதலிடம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வார். தினமும் இதேதான்.

ஒருநாள் கேட்டேன். "இன்னாக்கா, வயசானவர இப்படி நிக்க வச்சிகினு கீற?"

"எம் புருஷன் அவரு லாரில கிளீனரு. லோடு வுயுந்து காலு ஒடிஞ்சிச்சு. ஒதவி கேக்க அவரு வூட்டாண்ட போனாரு. அந்தக் காலோட பொழுதுக்கும் நின்னாரு. உக்காருன்னு ஒரு வார்த்த சொல்லல."

"நீ யாருன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம். காலு வலிச்சாப் போதும்."

கடைசி நாள் பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்றார் ஃபாதர். தலைவர் கைகூப்பிக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா."

அக்கா பதிலுக்குக் கும்பிடவில்லை. கூப்பிய கை தானாகக் கீழே இறங்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் தினமும் ஜெபம் சொல்கிறவன்தான். ஆனாலும், 'அவர மன்னிச்சுடுக்கா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் வராது.