எஸ் மேடம் சொன்ன சண்முகவள்ளி

சண்முகவள்ளிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், இங்கிலீஷ் தெரியாது. ரயில் பெட்டியில் ஒட்டியிருக்கும் பேர்களை விரல் வைத்துப் படித்துவிடுவாள். லாட்ஜ் பெயர், வண்டி நம்பர் எல்லாம் தடுமாறாமல் வாசிப்பாள். வாசித்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மட்டும் சிரித்து மழுப்பிவிடுவாள். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருந்த குடும்பம் அவளுடையது. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, கொடைரோட்டில் டாக்சி ஓட்டிய நல்லுசாமிக்கு வாக்கப்பட்டு வந்தாள்.

நல்லுசாமியிடம் இருந்தது ஒரு பழைய அம்பாசிடர். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குப் போவான். அவன் பாதி நேரம் மலையில்தான் கிடப்பான். தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டுக்கு போன் வந்தபோது அதை எடுக்கிற வேலை இவளுக்கு என்று ஆனது. குரல் நல்ல கணீர்க் குரல். "வண்டி இந்தா வந்துரும் சார், நீங்க டீ குடிச்சிட்டு நில்லுங்க" என்று அவள் சொன்னால் கேட்டவர்கள் வேறு வண்டி தேட மாட்டார்கள். அந்தக் குரலை நம்பித்தான் கடன் வாங்கி ஒரு டாடா சுமோவும் எடுத்து, அதற்கு ஒரு டிரைவரையும் போட்டார்கள்.

சுமோ வந்த மறுவருடம் ஸ்டேஷன் வாசலில் நிலைமை மாறிப்போனது. இறங்குகிறவர்கள் கூப்பிடுகிற டிரைவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தங்கள் பேர் எழுதிய அட்டையைத் தேடிக்கொண்டு நேராக நடந்தார்கள். நல்லுசாமி வீட்டுக்கு வந்து துண்டை உதறிப் போட்டான்.

"ஏதோ நெட்டாம்ல, வள்ளி. அதுல பேசி முடிச்சிட்டுத்தான் ரயிலே ஏறுறாங்களாம். நாங்க அங்க நின்னு சும்மா கத்திக்கிட்டுக் கெடக்கோம்."

மறுநாளே அவள் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாள். நாகல் நகரில் முனீர் என்பவன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகை அடிப்பது, பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வது, கூடவே கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது. பணிவான ஆள். "உங்களுக்கு ஒரு பக்கம் போட்டுட்டா உலகமே பாக்கும்க்கா" என்றான். அம்பாசிடரைக் கழுவி மாலை போட்டு எடுத்த போட்டோவையும், போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் சிரிக்கிற போட்டோவையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தாள். நீலக் கலரில் பக்கம் தகதகவென்று இருந்தது. மேலே தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். சரியாக இருந்தது. போன் நம்பரும் சரி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் நிறைய ஓடியது.

"இம்புட்டும் என்ன தம்பி எழுதியிருக்க?"

"உங்களைப் பத்தி நல்லாத்தான்க்கா எழுதியிருக்கேன். எல்லாரும் போடுறதுதான்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது.

போன் வர ஆரம்பித்தது. பம்பாய், கல்கத்தா, ஒரு தடவை சிங்கப்பூர். தமிழ் தெரிந்தவர்களிடம் வாய் நிறையப் பேசினாள். இங்கிலீஷில் பேசுகிறவர்களிடம் ரயில் பெயரையும் தேதியையும் மட்டும் காதைத் தீட்டிப் பிடித்துக்கொள்வாள். மற்றதற்கெல்லாம் "எஸ் சார், எஸ் மேடம்." அதில் ஒரு குறையும் வந்ததில்லை. ஸ்டேஷனில் பேர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்களில் இப்போது நல்லுசாமியும் ஒருவன்.

அடுத்த மே மாதம், ஒரு மத்தியான நேரம் நல்லுசாமி வத்தலக்குண்டிலிருந்து போன் செய்தான். எஸ்டிடி பூத்தில் நின்று பேசினான். குரல் அவன் குரல் மாதிரியே இல்லை.

"வள்ளி, ஆஸ்பத்திரியில இருக்கேன். எனக்கு ஒண்ணுமில்ல. வண்டியில வந்த அம்மாவுக்கு மூச்சு நின்னுபோற மாதிரி ஆயிருச்சு. நீ கெளம்பி வா."

அவள் போனபோது அவன் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாக்பூரில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஆல்வின் என்பவரும் அவர் மனைவி லூர்தம்மாளும் காலை ரயிலில் வந்தவர்கள். பேர் அட்டை எழுதிக் கொடுத்ததே சண்முகவள்ளிதான்.

"மலை பாதிகூட ஏறல. அந்தம்மா உதடு நீலமாப் போச்சு. அவரு, சிலிண்டரை எடுங்கன்னாரு. நான் சமையல் சிலிண்டரைச் சொல்றாரோன்னு முழிச்சேன் வள்ளி. டிக்கியைத் தொறங்கன்னாரு. தொறந்தேன். ஸ்டெப்னியும் ஜாக்கியும் கெடக்கு. மனுசன் அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம்தான் திருப்புங்கன்னாரு."

"எதுக்கு நம்ம டிக்கியில சிலிண்டர் இருக்கும்னு நெனைச்சாரு?"

"அதைத்தான் எனக்கும் கேக்கத் தெரியல."

ஆல்வின் வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் மனைவியின் செருப்பு. சண்முகவள்ளி தன் பேரைச் சொன்னதும் அவளை உற்றுப் பார்த்தார். போட்டோவில் பார்த்த முகம் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"டாக்டர் மலைக்குப் போகாதீங்கன்னுதான் சொன்னார்மா" என்றார். சத்தம் போடவில்லை. "இவ பொறந்தது மேல. ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோம்னு பிடிவாதம். உங்க பக்கத்தை வாசிச்ச பிறகுதான் நானும் தைரியமா டிக்கெட் போட்டேன். எல்லா வண்டியிலும் ஆக்சிஜன் இருக்கும், டிரைவருக்குக் குடுக்கத் தெரியும், வழியெல்லாம் டாக்டர் உண்டுன்னு எழுதியிருந்தீங்க."

அவளுக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. "நாங்களா சார்?"

"எழுதினதை மட்டும் நம்பலம்மா. துபாயில இருக்க என் மக, நாக்பூர்லயே வளந்தவ, தமிழ் வராது, இங்கிலீஷ்ல போன் போட்டுக் கேட்டா. ஆக்சிஜன் கண்டிப்பா இருக்குமான்னு மூணு தடவை கேட்டாளாம். ஒரு பொம்பளை, எஸ் மேடம், எஸ் மேடம்னு சொல்லியிருக்காங்க."

சண்முகவள்ளிக்கு அந்த போன் நினைவிருந்தது. கரகரவென்ற லைன், வேகமான இங்கிலீஷ், ஒரு பெண் குரல். ரயில் பெயரைப் பிடித்துவிட்டோம் என்று அன்றைக்குச் சந்தோஷமாக ரிசீவரை வைத்தாள்.

"அது நான்தான் சார்" என்றாள். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது."

ஆல்வின் செருப்பை மறு கைக்கு மாற்றினார். திட்டுவார் என்று நின்றாள். "அவளுக்கு வெந்நீர் வேணும்" என்றார். "ஃபிளாஸ்க் வண்டியில இருக்கு."

வெந்நீர் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். லூர்தம்மாள் முகத்தில் மாஸ்க் மாட்டியிருந்தது. மெலிந்த மனுஷி. இவளை நர்ஸ் என்று நினைத்தாரோ என்னவோ, மாஸ்க்கை லேசாக விலக்கி, "மேல இப்பக் குளிருமாம்மா?" என்று கேட்டார். சண்முகவள்ளி தலையை மட்டும் ஆட்டினாள். அந்த வாயால் இன்னொரு ஆமாம் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.

லூர்தம்மாள் பிழைத்துக்கொண்டார். சில நாள் கழித்து நல்லுசாமியே கொடைரோட்டுக்குக் கூட்டிவந்து ரயில் ஏற்றிவிட்டான். மலையை அவர் பார்க்கவே இல்லை. ரயில் போன கையோடு சண்முகவள்ளி நாகல் நகருக்குப் போனாள்.

"அந்தப் பக்கத்தைத் தொற. ஒவ்வொரு வரியாத் தமிழ்ல சொல்லு."

விஷயத்தைக் கேட்டதும் முனீருக்கு முகம் வெளுத்துவிட்டது. மெல்ல வாசித்தான். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு முதல் சேவையில்..."

"அது நான் பொறந்த வருசம் தம்பி."

"எங்களிடம் இருபது வண்டிகள் உள்ளன. முதலுதவி படித்த டிரைவர்கள். எல்லா வண்டியிலும் ஆக்சிஜன்." அடுத்து லண்டனில் இருந்து பீட்டர் என்பவர் எழுதிய பாராட்டு. சண்முகவள்ளி போன்ற அன்பான பெண்மணியைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு பீட்டர் அவர்கள் வண்டியில் ஏறியதே இல்லை.

"இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"இமயமலைக்குக் கூட்டிட்டுப் போற கம்பெனி ஒண்ணோட பக்கம்க்கா. மலைன்னு தேடினேன், அதுதான் முதல்ல வந்துச்சு. நல்ல இங்கிலீஷா இருந்துச்சு. பேரையும் ஊரையும் மட்டும் மாத்துனேன். அங்க உண்மையிலேயே ஆக்சிஜன் கொண்டுபோவாங்க போல. நான் அதை யோசிக்கவே இல்லக்கா."

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைத் திட்டலாம் என்றுதான் வந்திருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டு, முழுப் பதிலைக் கேட்காமல் பஸ் ஏறியவள் தான்தானே என்ற நினைப்பு வந்து வாயை அடைத்துவிட்டது.

"இப்பவே எடு" என்றாள். எடுத்தான். பக்கம் வெள்ளையாக நின்றது.

புதிதாக அவளே சொல்லச் சொல்ல அவன் எழுதினான். எங்களிடம் இரண்டு வண்டி. அம்பாசிடரில் ஏசி கிடையாது. டிரைவர்களுக்குத் தமிழ் மட்டும் தெரியும். ஆக்சிஜன் கிடையாது. டாக்டர், நர்ஸ் யாரும் கிடையாது. நெஞ்சு, நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் மலை ஏற வேண்டாம். வத்தலக்குண்டைத் தாண்டினால் மேலே போய்ச் சேரும்வரை ஆஸ்பத்திரி என்று நம்பி வண்டியை நிறுத்த இடம் இல்லை.

"இதைப் படிச்சா யாருக்கா வருவா?"

"வரலைன்னா போகட்டும்."

கொடைரோட்டில் அவள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அறிவுச்செல்வி ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவளை முனீரின் கடைக்கு அழைத்து வந்து, முன்கூட்டி ஒன்றும் சொல்லாமல் பக்கத்தை வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னாள். எல்லாம் சரியாக வந்தது. ஓரிடத்தில் மட்டும், உலகத்தரம் வாய்ந்த சேவை என்று டீச்சர் வாசித்தாள். சண்முகவள்ளி முனீரைப் பார்த்தாள். கை பழகின வேகத்தில் போட்டுவிட்டதாகச் சொல்லி அழித்தான்.

அந்தச் சீசனில் போன் குறைந்துதான் போனது. நல்லுசாமி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். "உள்ளதைச் சொல்லு, வேண்டாங்கல. இல்லாததையெல்லாமா வரிசையாச் சொல்லிக்கிட்டு இருப்பாங்க?" என்று ஒருநாள் சாப்பாட்டை விட்டு எழுந்தான். ஸ்டாண்டில் அவனை எல்லோரும், "ஏலே, ஏசி கிடையாது கம்பெனி" என்று கேலி செய்தார்கள். வீட்டில் அவள் ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை அறிவுச்செல்வியிடம் மனப்பாடம் செய்துகொண்டாள். எனக்குப் புரியவில்லை, சாயந்திரம் கூப்பிடுங்கள், டீச்சர் பேசுவார்கள் என்பது அதன் அர்த்தம். பாதிப் பேர் திரும்பக் கூப்பிடவில்லை.

முனீர் சும்மா இருக்கவில்லை. மலை ஏறுமுன் என்ன சாப்பிடலாம், வளைவில் வாந்தி வராமல் இருக்க எந்த சீட்டில் உட்காரலாம், மேகம் இறங்கினால் எங்கே வண்டியை ஓரங்கட்டுவது என்று நல்லுசாமியிடம் கேட்டுக் கேட்டுத் தனியாக ஒரு பக்கம் போட்டான். மேலே இருக்கிற லாட்ஜ்காரர்களுக்கு அதை இமெயிலில் அனுப்பினான். ஒன்றிரண்டு லாட்ஜ்காரர்கள் தங்கள் பக்கத்தில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வழியாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள், வயசானவர்களை அழைத்து வருகிறவர்கள். ஏறுமுன் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். நல்லுசாமிக்குப் பதில் தெரிந்திருந்தது. சாப்பாட்டை விட்டு எழுவதை அவன் நிறுத்தினான்.

இரண்டு வருடம் கழித்து முனீர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். பழனி, வத்தலக்குண்டு, தேனி என்று நாலைந்து டிராவல்ஸ் பக்கங்கள். எல்லாவற்றிலும் அதே ஆக்சிஜன், அதே டாக்டர்.

"அந்த இமயமலைக்காரங்கிட்ட இருந்து எடுத்திருப்பாங்களோ?"

"இல்லக்கா. அவங்களதைப் பாத்து நான் டைப் பண்ணும்போது ஆக்சிஜன்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. இதுல எல்லாத்துலயும் அந்த எழுத்து இல்ல. உங்க பக்கத்தைப் பாத்துத்தான் எடுத்திருக்காங்க."

சண்முகவள்ளி அந்தப் பக்கங்களைத் திரும்ப ஒருமுறை திறக்கச் சொன்னாள். தன் பக்கத்தை அழித்த அன்றோடு அது செத்துப்போனது என்று நிம்மதியாக இருந்துவிட்டாள். இத்தனை நாளும் அது வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

வத்தலக்குண்டுப் பக்கத்தின் சொந்தக்காரர் பொன்னழகு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஆபீஸ் வைத்திருந்தார். நேரே போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார். "அதையெல்லாம் எவன்மா வாசிக்கிறான்?" லூர்தம்மாளைப் பற்றிச் சொன்னாள். நீல உதட்டையும் திறந்த டிக்கியையும் சொன்னபோது அவர் சிரிப்பு நின்றது. "எங்க வண்டியில ஆக்சிஜன்னு இருக்கா? எனக்கே தெரியாதே" என்றார். அவருக்கும் யாரோ செய்து கொடுத்ததுதான். அன்றைக்கே எடுக்கச் சொன்னார்.

பழனிக்காரருக்கு போன் செய்தாள். "ஏனுங்க, உங்க பக்கத்தைப் பாத்துத்தானுங்களே நாங்க போட்டோம்" என்றார் அவர். "நீங்க போடலாம், நாங்க போடக்கூடாதுங்களா?"

"போட்டது தப்புன்னு சொல்லத்தாங்க கூப்பிட்டேன்."

"சீசன் முடியட்டும், பாக்கலாமுங்க." அந்தச் சீசன் முடிந்தும் அது அப்படியே இருந்தது. மறுபடி கூப்பிட்டபோது அவர் போனை எடுக்கவில்லை.

ஆல்வினிடம் ஒருமுறை போனில் பேசினாள். லூர்தம்மாள் இருக்கிறார், நடமாட்டம் குறைவு என்றார். புதுப் பக்கத்தைத் தன் மகள் பார்த்ததாகச் சொன்னார். அதைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை.

கடனை அடைத்தபிறகு மூன்றாவதாக ஒரு வண்டி எடுத்தார்கள். பக்கத்தில் இரண்டு என்று இருந்ததை மாற்றிய பிறகுதான் அந்த வண்டிக்கு முதல் சவாரி பேசினாள். மாதம் ஒருமுறை நாகல் நகருக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. எழுத்து விட்டுப்போன அந்த வார்த்தையை முனீர் தேடிக் காட்டுவான். பெரும்பாலும் பழையதே நிற்கும். ஒரு தடவை ஊட்டிப் பக்கம் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. படத்தில் ஒரு வெள்ளை வேன், பக்கத்தில் மீசை வைத்த ஒருவர் கைகட்டிக்கொண்டு நின்றார். தன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

"நம்பரைச் சொல்லு தம்பி" என்று முனீரின் போனை எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண் குரல் வந்தது. நல்ல கணீர்க் குரல். வண்டி எப்போ வேணும் சார் என்று கேட்டது.

"நான் சார் இல்லம்மா, வண்டியும் வேணாம்" என்றாள் சண்முகவள்ளி. "கொடைரோட்டு சண்முகவள்ளி பேசுறேன். உங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமா?"