இரண்டு கணவாய்களுக்கு வாசுதேவன் தயாரான கதை

இமயமலையைக் கடந்தே தீர வேண்டும் என்ற வேட்கை வாசுதேவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது காபிக்கும் மூன்றாவது காபிக்கும் நடுவே உண்டானது. கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ராகவன் ஒரு படம் போட்டிருந்தான். சுற்றிலும் பனி, நடுவில் ராகவன். கல்லூரியில் என்சிசி அணிவகுப்பு தொடங்கிப் பத்தாவது நிமிடம் தவறாமல் மயங்கி விழுந்த அதே ராகவன்.

"இவனே போயிருக்கான்" என்றார் வாசுதேவன்.

உலகத்தில் பெரிய காரியங்கள் பலவும் இந்த இரண்டு சொற்களில்தான் தொடங்கியிருக்கும்.

வாசுதேவனுக்கு வயது ஐம்பது. கூடுவாஞ்சேரியில் நான்காவது மாடியில் குடியிருப்பு. மறைமலை நகரைத் தாண்டி ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தரச் சோதனைப் பிரிவின் மேலாளர். பிறர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டில் அதே வேலையை இலவசமாகச் செய்கிறவர். மனைவி பிரபா செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடங்களாக நர்ஸ். தினமும் மின்சார ரயிலில் போய், எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, பெரும்பாலும் நின்றபடியே திரும்பி வருவாள். ஒரே மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படித்தாள். அதனால் வாசுதேவனின் லட்சியங்களைக் கேட்க வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி.

"பதினாறாயிரத்து எண்ணூறு அடி. ஒண்ணு இல்ல, ரெண்டு கணவாய். பதினோரு நாள். செப்டம்பர்ல" என்றார். கணவாய்களின் பெயரையும் சொன்னார். அன்று சொன்னதுபோல் அவற்றைப் பிறகு ஒருபோதும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு விதமாகவே வாயில் வந்தது.

"நாலு மாடி ஏற லிஃப்ட் வேணும் உங்களுக்கு" என்றாள் பிரபா.

"அதுக்குத்தான் பயிற்சி."

பயிற்சிக்கு ஜிஎஸ்டி சாலையில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்த பிரவின்குமார் கிடைத்தான். 'உயரமலைப் பயிற்சியாளர்' என்று அவனுடைய அட்டையில் அச்சடித்திருந்தது. அவன் ஏறிய மிக உயரமான இடம் ஏற்காடு, அதுவும் பஸ்ஸில். ஆனாலும் அவன் கொடுத்த திட்டத்தில் குறையே சொல்ல முடியாது. சனிக்கிழமை மலை, ஞாயிற்றுக்கிழமை மணல், மற்ற நாட்களில் மூச்சு.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இமயமலைக்கு ஈடான மலை எது என்று தேடினால் அதிக நேரம் ஆகாது. திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் படிகள் இருக்கின்றன. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் ஏறி, சாமி கும்பிட்டு, பேசிக்கொண்டே இறங்குகிற மலை. ஏப்ரல் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, பத்து கிலோ பொன்னி அரிசியை முதுகுப் பையில் கட்டிக்கொண்டு, கணுக்கால் வரை ஏறிய பனிக்கால பூட்ஸுடன் வாசுதேவன் அடிவாரத்தில் போய் நின்றார். "படியில விழுந்தீங்கன்னா யாரு தூக்கறது?" என்று பிரபாவும் கூட வந்தாள்.

முதல் தடை முதல் படியிலேயே காத்திருந்தது. கோயில் படியில் செருப்புப் போட்டுக்கொண்டு ஏற முடியாது. காலணி வைக்கும் இடத்தில் இருந்த வேண்டா என்ற அம்மாள் பூட்ஸை இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னா சார் இது, இம்மாம் பெருசா கீது? ரெண்டு ஜோடி எடத்த அடைச்சிக்கும். ரெண்டு டோக்கனா வாங்கிக்கோ."

ஆகவே இமயமலைக்கான பூட்ஸ் அடிவாரத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்க, வாசுதேவன் வெறுங்காலுடன் ஏறினார். நூறாவது படியில் இயற்கைக் காட்சியை ரசித்தார். நூற்றைம்பதில் மறுபடியும் ரசித்தார். அதற்குப் பிறகு இருபது படிக்கு ஒரு முறை இயற்கை அவரை உட்காரச் சொல்லிக் கெஞ்சியது. ஒரு வழியாக உச்சிக்குப் போய்ப் பையை இறக்கித் திறந்தபோது, பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் அரிசியைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அன்னதானத்துக்கா? இந்த வயசுல நீயே சொமந்துகினு வந்தியா நைனா! நல்லா இருப்ப."

இல்லை, இது என் உடற்பயிற்சிக்கு என்று சொல்ல எந்த மனிதனால் முடியும்? பத்து கிலோ பொன்னியும் கோயிலுக்குப் போயிற்று. அடுத்த வாரத்திலிருந்து தண்ணீர் பாட்டில்கள்.

இதற்கிடையே ராகவனுக்குப் பதில் சொல்லும் விதமாகக் குழுவில் வீடியோ போட வேண்டியிருந்தது. வாசுதேவன் ஏறி வருவதை மேலே இருந்து எடுத்தால்தான் மலை செங்குத்தாகத் தெரியும். அதனால் பிரபா அவருக்கு முன்னால் முப்பது படி ஓடிப்போய் நின்று எடுப்பாள். அவர் வந்து பார்த்து, "முகத்துல வெளிச்சம் பத்தல" என்பார். அவள் ஒரு முறை இறங்கி, வேறு கோணம் பார்த்து, மறுபடி ஓடி ஏறுவாள். துண்டு, குளுக்கோஸ், தண்ணீர், போன் எல்லாம் அவள் கையில்தான். அவர் ஒரு முறை மலையேறினால் அவள் ஒன்றரை முறை ஏறினாள். ஆனால் பயிற்சியில் இருந்தது அவர்தான் என்பதில் இருவருக்குமே அப்போது சந்தேகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணல். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கூட்டமில்லாத கரையில், இடுப்பில் கயிறு கட்டிப் பழைய லாரி டயர் ஒன்றை இழுக்க வேண்டும் என்பது பிரவின்குமாரின் கட்டளை. அன்றுதான் பூட்ஸுக்கு வேலை. மே மாத வெயில். இரண்டு பூட்ஸிலும் மணல் நிரம்பி, வாசுதேவன் டயரோடு ஐம்பது அடி நகர்ந்திருப்பார். படகு நிழலில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த கருப்பன் எழுந்து வந்தார்.

"இன்னா சார், டயரு மட்டும் வந்துகினு கீது, வண்டி எங்க?"

"வண்டி இல்லீங்க. நான் இமயமலைக்குப் போறேன்" என்றார் வாசுதேவன், மூச்சுக்கு நடுவே.

கருப்பன் டயரைப் பார்த்தார். வாசுதேவனைப் பார்த்தார். வடக்கே, கரை போகிற திசையைப் பார்த்தார்.

"ஏன் சார், அங்கெல்லாம் டயரு கெடைக்காதா?"

அதற்கு மேல் விளக்கம் சொல்ல வாசுதேவனிடம் காற்று இல்லை. சார் என்னவோ கஷ்டத்தில் இருக்கிறார் என்று மட்டும் கருப்பனுக்குப் புரிந்தது. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, டயரைத் தூக்கித் தோளில் வைத்து, சவுக்குத் தோப்போரம் நின்ற கார் வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, "பாத்து போ சார்" என்று வழியனுப்பி வைத்தார்கள். கயிறு இன்னும் இடுப்பில் தொங்க வாசுதேவன் பின்னால் நடந்தார். பிரபா மணலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் அது.

ஜூலை நடுவில் மலையேற்ற நிறுவனத்திலிருந்து மருத்துவப் படிவம் வந்தது. ரத்த அழுத்தம், ஈசிஜி, மருத்துவர் கையெழுத்து. சம்பிரதாயம்தானே என்று வாசுதேவன் சாப்பாட்டு மேசையில் கையை நீட்டினார். பிரபா பிபி மெஷினின் பட்டையைச் சுற்றினாள், அழுத்தினாள், பார்த்தாள். இன்னொரு முறை அழுத்தினாள்.

"நூத்தி அறுபத்தி நாலு, நூத்தி ரெண்டு."

"மெஷின் பழசு."

மறுநாள் மருத்துவமனை மெஷின். அடுத்த நாள் இடது கை. நூற்று அறுபதுக்குக் கீழே இறங்க எதுவும் சம்மதிக்கவில்லை. ஒரு குறை மூன்று சோதனையிலும் தென்பட்டால் அது குறைதான் என்று பதினெட்டு வருடங்களாக அலுவலகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். இப்போது மட்டும், சோதனை முறையே தவறு என்றார்.

"நீ சொன்னா உங்க டாக்டர் கையெழுத்துப் போடுவார்ல?"

"போடுவார். அப்புறம் அங்கேருந்து உங்களத் தூக்கிட்டு வர்றதுக்கும் அவரே வருவாரா?"

வாசுதேவன் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் உப்பைக் குறைத்து, ஊறுகாய் இல்லாமல் வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டதாகச் சொல்ல முடியாது. பிரபா மாத்திரையை எடுத்து வைத்தாள். அவர் அதை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு விழுங்கினார். படுக்கையறையில் ஏசியைப் பதினாறில் வைத்து, பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டிய பணம் திரும்பாது. ஆனால் ஒரு வாரத்துக்குள் ஆளை மாற்றலாம் என்று நிறுவனத்தார் சொன்னார்கள். வாசுதேவன் மைத்துனன் ஹரிஹரனுக்குப் போன் செய்தார். "எனக்கு முட்டி சரியில்ல மாமா" என்றான் ஹரிஹரன். அதற்கு முந்தைய மாதம்தான் அவன் பாட்மின்டன் கோப்பை வாங்கியிருந்தான்.

"என் பேரைப் போடுங்க" என்றாள் பிரபா. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

வாசுதேவன் சிரித்தார். அவள் சிரிக்காததால் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்.

"நீ எப்படி? பயிற்சி வேணும் பிரபா. இது விளையாட்டு இல்ல."

"நாலு மாசமா உங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஏறி எறங்குனேனே, அது என்ன, வேண்டுதலா?"

அவளுடைய ரத்த அழுத்தம் நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. ஈசிஜி, பாடப் புத்தகத்தில் போடலாம் போல இருந்ததாம். பிரவின்குமார், "மேடம் சும்மா பட்டையக் கெளப்புவாங்க சார்" என்றான், நாலு மாதமும் அவளுக்குத்தான் பயிற்சி கொடுத்ததுபோல.

அடுத்த ஆறு வாரங்களை வாசுதேவன் ஒரு தளபதியின் கம்பீரத்துடன் கழித்தார். எக்செலில் பதினான்கு பக்கம். எந்த நாளில் எந்தக் காலுறை, எத்தனை மிடறு தண்ணீர், மூச்சை எப்படி விடுவது. மூச்சு விடுவதை அவள் நாற்பத்தேழு வருடங்களாகத் தப்பாகவே செய்துவந்தது போலத்தான் அதைப் படித்தால் தோன்றும். பிரபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தன் காலுக்குச் சரியான பூட்ஸைத் தானே போய் வாங்கிக்கொண்டாள். விமான நிலையத்தில், "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றாள். "மாத்திரைய மறந்துடாதீங்க."

அதன் பிறகு எட்டு நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. மேலே போனால் சிக்னல் கிடையாது என்பது பதினான்கு பக்கத்தில் மூன்றாவது பக்கத்தில் அவரே எழுதியது. இருந்தும் அவர் மணிக்கு மூன்று முறை அந்த மலையின் வானிலையைப் பார்த்தார். கூடுவாஞ்சேரியில் மழை கொட்டியது, மொட்டைமாடியில் காய்ந்த துணி மொத்தமும் நனைந்தது, அவருக்குத் தெரியவில்லை. அலுவலகக் கூட்டத்தில் ஒரு நாள், "பனிப்பொழிவு ரெண்டு சென்டிமீட்டர்தான்" என்று திடீரென்று சொன்னார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நான்தாங்க. கீழ ஊருக்கு வந்துட்டோம். நல்லா இருக்கேன்."

வாசுதேவன் நாற்காலியை விட்டு எழுந்தார். "ரெண்டு கணவாயும் ஆச்சா? ரெண்டு நாள் முன்னாடியே எறங்கிட்டியே?" என்றார்.

"ஒண்ணு ஆச்சு."

முதல் கணவாயைத் தாண்டி இரண்டாவதின் அடியில் கூடாரம் போட்டிருந்தார்கள். குழுவில் பெங்களூர்க்காரர் ஒருவர், நாற்பது வயது, பத்து மாரத்தான் ஓடியவர், குழுவிலேயே பலசாலி என்று பெயர். அன்று காலை அவர் தலைவலி என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் கஞ்சி குடிக்கும்போது ஸ்பூன் அவர் வாய்க்கு நேராகப் போகவில்லை. பிரபா பார்த்தாள். எழுந்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னாள். கால் பின்னியது. உயரத்தில் காற்று குறைந்து மூளை வீங்கத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். வழிகாட்டியிடம் சொன்னாள்: இவரை இப்போதே இறக்க வேண்டும், சாயங்காலம் வரை தாங்காது.

"வழிகாட்டி பாத்துக்க மாட்டாரா?" என்றார் வாசுதேவன்.

"அவருக்கு இன்னும் ஒன்பது பேர் இருக்காங்க. சுமை தூக்கறவங்க ரெண்டு பேரும் நானுமா எறக்கிக் கூட்டிட்டு வந்தோம். பாதி வழிக்கு மேல அவங்க முதுகுலதான் வந்தார்."

"கணவாய்க்கு எவ்வளவு தூரம் இருந்துச்சு?"

"மூணு மணி நேரம்."

வாசுதேவன் மனத்துக்குள் மூன்று மணி நேரத்தைப் பல விதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். "அப்போ ரெண்டாவது கணவாய்?" என்றார், மெதுவாக.

"அது அங்கேயேதாங்க இருக்கு."

யாரோ ஒரு மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தலைவலியை யாரிடமும் சொல்லாமல், வாய்க்குப் பக்கத்தில் ஸ்பூனைத் தேடிக்கொண்டிருக்கும் ஐம்பது வயது ஆள் ஒருவர் வாசுதேவனின் கண்முன் நன்றாகத் தெரிந்தார். முகத்தில் வெளிச்சம்கூடச் சரியாக இருந்தது.

"அவர் எப்படி இருக்கார் இப்போ?"

"நெய் ரோஸ்ட் கெடைக்குமான்னு கேக்கறார். பொழைச்சுக்குவார்."

பிரபா ஊர் திரும்பிய அடுத்த வாரம் குடியிருப்போர் சங்கம் பாராட்டு விழா வைத்தது. செயலாளர் நரசிம்மன் பொன்னாடை போர்த்தினார். முதலில் வாசுதேவன் பேசினார்: 'உயரமலைக்கு ஒரு குடும்பம் எப்படித் தயாராக வேண்டும்' என்ற பொருளில் இருபத்தைந்து நிமிடங்கள். 'நாங்கள்' என்ற சொல்லை அவர் எத்தனை முறை சொன்னார் என்று கடைசி வரிசையில் யாரோ எண்ணிச் சொன்னதாகக் கேள்வி. பிறகு பிரபாவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"நாப்பது தாண்டுனவங்க எல்லாரும் பிபி பாத்துக்கோங்க" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

கைதட்டல் முடிவதற்குள், "எனக்குப் பாக்கறீங்களா சிஸ்டர்?" என்று ஒருவர் வந்தார். வாசுதேவன் மாடிக்குப் போய் மெஷினை எடுத்து வந்தார். அதற்குள் நாற்காலிகள் ஒதுங்கி வரிசை நின்றிருந்தது. போண்டா ஆறிப்போயிற்று. அவள் பட்டையைச் சுற்றி எண்ணைச் சொல்ல, வாசுதேவன் பக்கத்தில் உட்கார்ந்து பெயர், வீட்டு எண், அழுத்தம் என்று கோடு போட்டு எழுதினார். இருபத்து மூன்று பேரில் ஏழு பேருக்கு அதிகம். ஏழாவது ஆள் நரசிம்மன். நூற்று எழுபத்திரண்டு.

நரசிம்மன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "இத எழுத வேணாம் சார். மேடை ஏறி எறங்குனது. நாளைக்கு நிதானமா பாத்துக்கலாம்."

"நல்லது, நாளைக்கும் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வாசுதேவன் நூற்று எழுபத்திரண்டை எழுதினார்.