கொழும்பு கூட, துபாய் கம்மி

கூரியர் கடை வெச்சிருக்கவனுக்கு ரெண்டு காது பத்தாது. ஒண்ணு பார்சல் அனுப்புதவங்க ஏசுததுக்கு, இன்னொண்ணு வாங்குதவங்க ஏசுததுக்குன்னு போயிரும், வீட்டுல ஏசுததுக்கு மூணாவது ஒண்ணு வேணும்.

ரேஷன் கடை, பேங்க், கரண்டு ஆபீஸுன்னு கவுண்டருக்கு உள்ள உக்காந்து பிழைக்க அத்தனை பேருக்கும் என் கஷ்டம் விளங்கும், அதான் உங்ககிட்ட சொல்லுதேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, ஜவுளிக்கடை மாடிப்படிக்கு அடியில இருக்கது என் கடை. உள்ளூர் கவர்ல வார கமிஷன் வாடகைக்கும் கரண்டுக்கும் சரியாப் போயிரும். பில் போடுத மகேஸ்வரிக்குச் சம்பளம் குடுக்கது வெளிநாட்டுப் பார்சல்ல இருந்துதான். ரெண்டு பிள்ளைகளைத் தனியா வளக்க பொம்பளை அவ. அந்த வெளிநாட்டுப் பார்சலுக்குத்தான் வந்தது வினை. மாசப் பிறப்பு அன்னிக்கு மதுரையில இருந்து மேனேஜர் போன் போட்டு, மாசம் பதினஞ்சு வெளிநாட்டுப் பார்சல் ஏறலைன்னா அந்த புக்கிங்கையே எடுத்துருவோம்னுட்டாரு.

பதினஞ்சு சின்ன நம்பராத்தான் தெரியும். நம்ம ஜனங்களை வெச்சு ஏத்திப் பாருங்க, அப்போ தெரியும் சேதி.

கண்டக்டர் கணக்கு

ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் ஒருத்தரு. மகன் கொழும்புல ஓட்டல் வேலையில இருக்கான். அவனுக்கு நாலு லுங்கி, ரெண்டு துண்டு, ஒரு பாட்டில் ஊறுகாய். ரேட்டைச் சொன்னேன். சுவத்துல ஒட்டியிருக்க அட்டவணையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாரு. துபாய்க்குக் கம்மி, கொழும்புக்குக் கூடன்னு இருக்கு. அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டாரு.

"துபாய்க்கு நம்ம பக்கத்துல இருந்து தினம் லோடு போகுது அண்ணாச்சி, அதனால ரேட்டு இறங்குது. கொழும்புக்கு அனுப்புத ஆளே கிடையாது"ன்னு நானும் தொண்டை வத்துத மட்டும் சொன்னேன். மனுசன் அசையலை. பின்னால பத்துப் பேரு வரிசையில நிக்காங்க, எல்லாருக்கும் இப்போ அட்டவணையைப் படிக்கணும். சிங்கப்பூரு ஏன் இவ்வளவு, லண்டன் ஏன் அவ்வளவுன்னு ஆளாளுக்கு ஒரு சட்டம் பேசுதாங்க. கடைசியில பார்சலைப் போடத்தான் செஞ்சாரு, ஆனா பில்லை மடிச்சு ஜோப்புல வெச்சுக்கிட்டே சொன்னாரு:

"முப்பது வருசம் டிக்கெட் கிழிச்சிருக்கேன்வே. ராஜபாளையத்தை விட, பக்கத்துல கெடக்க புளியங்குடிக்குக் கூடன்னு நான் கேட்டிருந்தா, பஸ்ஸோட சேத்து என்னையும் கொளுத்தியிருப்பானுவ."

அம்பாளுக்கு எந்த நாடு

கோயில் புத்துமண்ணை ஒரு டப்பா நிறைய எடுத்துக்கிட்டு ஒரு அக்கா வந்தாவ. ஆஸ்திரேலியாவுல இருக்க பேரனுக்கு உடம்பெல்லாம் சொறியாம், அம்பாள் மண்ணைப் பூசினா நின்னுரும்னு நம்பிக்கை. நம்ம ஊர்ல யாரு இல்லைன்னா. ஆனா அந்த நாட்டுக்காரன் ஒரு சிட்டிகை மண்ணை உள்ள விட மாட்டான். அதைச் சொன்னதும் முகம் வாடிருச்சு.

அப்புறம் அக்கா சும்மா இருந்தாவளா? சிங்கப்பூருக்கு விடுவானா, அமெரிக்காவுக்கு விடுவானா, அங்கன சொந்தக்காரங்க இருக்காங்க, அவங்க மூலமா தள்ளி விட்டா என்ன ஆகும்னு அட்டவணையில மேல இருந்து கீழ வரைக்கும் கேட்டாவ. குங்குமம்னு எழுதிப் போடேன்னாவ. பிடிச்சா என் கடையை இழுத்து மூடிருவாங்க, நான் மாட்டேன்னுட்டேன். அன்னிக்கு எனக்கு ஒரு பார்சல் கைவிட்டுப் போச்சு. டப்பாவை முந்தானைக்குள்ள எடுத்து வெச்சுக்கிட்டு அக்கா கேட்டாவ:

"அம்பாளையே உள்ள விடாத ஊர்ல, என் பேரனுக்குச் சொறி வராம வேற என்ன வரும்?"

காத்துக்கும் காசு

ராயகிரியில இருந்து, காடு கரை வெச்சிருக்க ஒரு சம்சாரியும் அவரு வீட்டம்மாவும் வந்தாங்க. அமெரிக்காவுல இருக்க மகளுக்குக் கைமுறுக்கும் வத்தலும். டிவி வந்த அட்டைப்பெட்டியில போட்டுக் கொண்டாந்திருக்காங்க. எடை மூணு கிலோ. பில்லு எட்டு கிலோவுக்கு. ஏன்னா வெளிநாட்டுப் பார்சலுக்கு எடையையும் பாப்பான், பெட்டி அடைக்க இடத்தையும் பாப்பான், ரெண்டுல எது கூடவோ அதுக்குத்தான் காசு.

வேற சின்னப் பெட்டியில போடுங்கன்னு நான் நல்லதைத்தான் சொன்னேன். சம்சாரி யோசிச்சாரு. எட்டு கிலோவுக்குக் காசு வாங்குதான்னா எட்டு கிலோ அனுப்புவோம்னு விறுவிறுன்னு பஜாருக்குப் போனாரு. அரைமணி நேரத்துல திரும்பி வாராரு, கையில கல்லுல செஞ்ச சின்ன இடிகல்லு, உலக்கையோட. அதைத் தூக்கி முறுக்குக்கு நடுவுல வெச்சாரு. கணக்காப் பார்த்தா தராசுல எட்டு கிலோ, கிராம் பிசகலை. "அக்கா, அமெரிக்கா போறதுக்குள்ள முறுக்கெல்லாம் மாவாயிரும்"னு மகேஸ்வரி பதறுதா. வீட்டம்மா ஒரு கவலையும் படலை:

"ஆகட்டும்ட்டி. மருமகனுக்குப் பல்லு நோகும்னு மக போன வாரம்தான் சொன்னா."

ஓசித் தராசு

மாசம் பாதி தாண்டிருச்சு, எட்டுதான் ஏறியிருக்கு. அப்போ கடையநல்லூர்க்காரர் ஒருத்தர் வந்தாரு. சவூதியில வேலை, லீவு முடிஞ்சு திரும்பப் போறவரு. இங்கன தறி லுங்கி வாங்க வந்தவரு, முட்ட முட்ட அடைச்ச பெட்டி ஒண்ணை ஆட்டோவுல இருந்து இறக்கினாரு. எனக்கு வாயெல்லாம் பல்லு. நானே ஓடிப்போய் ஒரு கை பிடிச்சுத் தூக்கித் தராசுல வெச்சேன். முப்பது கிலோ, அரைக்கால் கூட இல்லை, குறைய இல்லை.

"ரொம்ப சந்தோசம்ண்ணே. பிளைட்டுல முப்பதுதான் விடுவான். உங்க தராசும் ஏர்போர்ட்டு தராசும் அச்சு அசலா ஒண்ணு"ன்னு சொல்லிட்டு பெட்டியைத் தூக்குதாரு. எனக்கு எப்படி இருக்கும். பெட்டி மேல கட்டியிருந்த மூணு பொட்டலத்தைப் பார்த்தா எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு. யாரு சாமான்னு கேட்டேன்.

"நேத்து உங்க கடையில ரேட்டு கேட்டவங்க சாமான்தான்ண்ணே. கேட்ட உடனே நேரா என் வீட்டுக்கு வந்துட்டாங்க. இன்ஷா அல்லா பத்திரமா சேத்துருவேன், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

பதினஞ்சாவது பார்சல்

கடைசி நாள். பதினாலுல நிக்குது. காலையில இருந்து ஒருத்தன் வரலை. மகேஸ்வரி ஒரே மேசையை நாலு தடவை துடைச்சுட்டா. சரி, நம்ம கைக்காசைப் போட்டு நாமளே ஒண்ணு அனுப்பிருவோம்னு முடிவு பண்ணினேன். எந்த நாடு மலிவுன்னு அட்டவணையை விரல் வெச்சுப் பார்த்தேன். கண்டக்டரை எவ்வளவு கரிச்சுக்கொட்டினேன், இப்போ நானும் அதே பார்வைதான் பாக்கேன். அம்புட்டுலயும் நேபாளம் கம்மி. அங்கன யாரு இருக்கா நமக்கு?

கேட்ட வாய் மூடலை, வாசல்ல கூர்க்கா கணேஷ் மாசக் காசு வாங்க வந்து நிக்கான். கடைவீதிக்குக் காவல் அவன்தான். வந்து ஆறு வருசம், நம்மளை விடத் திருத்தமா நம்ம தமிழ் பேசுவான். வாங்குததை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிருவான், ரெண்டு வருசமா ஊருக்குப் போகலை. அவனை இழுத்து உக்கார வெச்சு, "உன் மகளுக்கு ஒரு கவுன் வாங்கி அனுப்புவோம்டே, எல்லாம் என் செலவு"ன்னேன். எவ்வளவு ஆகும்னு கேட்டான். கவுனு விலை போக பார்சலுக்கு மட்டும் மூவாயிரத்துச் சொச்சம்னேன்.

"அண்ணாச்சி, அந்தக் காசு இருந்தா ரயில்ல நானே போயிருவேன். பிள்ளையையும் பாத்துட்டு வந்துருவேன்."

பதினஞ்சாவது பார்சல் எதிர்லதான் உக்காந்திருக்கு. அதை ஏத்தலைன்னா போறது என் சம்பளம் இல்லை, மகேஸ்வரி சம்பளம். அதனால அவ பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், காசைக் குடுக்க வேண்டாம்னு அவ சொல்லிர மாட்டாளான்னு ஒரு ஆசை எனக்குள்ள இருந்துச்சு. அவ பேனாவை மூடி வெச்சா.

"என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? காசைக் குடுத்து ஊருக்கு அனுப்பி விடுங்க அண்ணாச்சி. பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேளுங்க, கவுனை நான் போய் எடுத்துட்டு வாரேன்."

மதுரைப் போன்

மறுநாள் காலையில போன் அடிச்சப்ப ரெண்டு பேருக்கும் அதை எடுக்கப் பயம். கடைசியில நான்தான் எடுத்தேன். பதினாலுதான் சார்னு சொல்லிட்டு, மகேஸ்வரியைப் பாக்காம சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அந்தப் பக்கம் மேனேஜர் சிரிக்கிறாரு.

"பதினாலா? மத்த ஊர்ல எல்லாம் அஞ்சைத் தாண்டலை அண்ணாச்சி, புக்கிங்கை எடுத்துருவேன்னு சொன்னது சும்மா ஒரு விரட்டுக்குத்தான். நீங்க இப்படி ஓட்டுவீங்கன்னா அடுத்த மாசம் உங்களுக்கு முப்பதுன்னு போட்டுக்கிறேன்."

ஆக, நாடு நாடா ரேட்டை ஒப்பிட்டுப் பார்த்து, பார்சல் அனுப்புததை விட ஆளு கிளம்பிப் போறதுதான் மலிவுன்னு சொந்தக் காசைப் போட்டு நிரூபிச்ச கூரியர்க்காரன் உலகத்துல நான் ஒருத்தன்தான் இருப்பேன், இதை மட்டும் மதுரைக்கு யாரும் சொல்லிராதிய.