பதினேழு பேர் 'தானாக நின்ற' பள்ளி

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. திருவொற்றியூரில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பாலர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. நான் படித்த பள்ளி. அதற்குப் பவள விழா வந்தது. ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் பல வருடங்களாகப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். அதனால் விழா மலர் தயாரிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

"பள்ளியோட வரலாற்றையும் நீங்களே எழுதிடுங்கம்மா, பத்துப் பக்கம் போதும்" என்றார் விழாக் குழுவின் செயலாளர். அவரும் பழைய மாணவர்தான், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பள்ளிக்குப் போய் உட்கார்ந்தேன். உப்புக் காற்றில் துருப்பிடித்த இரும்பு பீரோவுக்குள் பழைய பதிவேடுகள் இருந்தன. முதல் வகுப்பு கீற்றுக் கொட்டகையில் நடந்தது, ஒரு ஐப்பசியில் கடல் உள்ளே வந்துவிட்டதால் நான்கு நாள் விடுமுறை விட்டது என்று ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க, புதையல் எடுப்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிச் சொல்லி அவரைச் சலிப்படைய வைத்தேன்.

மூன்றாவது வாரம் சேர்க்கைப் பதிவேடு கைக்கு வந்தது. நான் பாலர் வகுப்பில் சேர்ந்த வருடத்துப் பக்கம். என் பெயரைத் தேடித்தான் புரட்டினேன். என் பெயருக்கு மேலும் கீழும் இருந்த பெயர்களைச் சிவப்பு மையில் கோடு போட்டு அடித்திருந்தார்கள். கடைசிக் கட்டத்தில், 'நின்ற காரணம்' என்ற இடத்தில், 'தானாக நின்றது' என்று எழுதியிருந்தது. இன்னொரு கோடு. அதற்கும் 'தானாக நின்றது'. எண்ணிப் பார்த்தேன். பதினேழு குழந்தைகள். ஒரே நாள், ஒரே பேனா, ஒரே கையெழுத்து. பதினேழு பேருக்கும் ஒரே முகவரி: பள்ளிக்குப் பக்கத்திலிருந்த மீனவர் குப்பம்.

தலைமையாசிரியையிடம் கேட்டேன். அவர் பள்ளிக்கு வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. "அந்தக் காலத்துல அவங்க எங்கம்மா படிக்க அனுப்பினாங்க? கடலுக்குப் போயிடுவாங்க" என்றார்.

ஐந்து வயதுப் பிள்ளை கடலுக்குப் போகுமா? அதுவும் பதினேழும் ஒரே நாளில்? அன்று எனக்குள் சுருக்கென்று ஏதோ ஏறியது.

பட்டியலை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அதில் பாதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டிருந்தது. சிலர் மணலி புதுநகர் பக்கம் போய்விட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள். விசாரித்து விசாரித்து, ஒரே ஒருவரைக் காசிமேட்டில் கண்டுபிடித்தேன். ஏலம் எடுத்து வருகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை. என் வயதுதான், ஆனால் பார்த்தால் பத்து வயது கூடத் தெரிந்தது. நான் அக்கா என்றே கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இன்னான்னு எழுதிகீது அதுல?"

சொன்னேன். கை நின்றுவிட்டது.

"தானா நின்னனா? யாரு சொன்னது? எங்கம்மா என்னைத் தூக்கிகினு போயி மூணு நாளு இஸ்கூலு கேட்டாண்ட நின்னுது. உள்ள வுடல. 'உங்க பசங்க மேல கவுச்சி வாடை அடிக்குது, மத்த பசங்க வாந்தி எடுக்குது'ன்னு சொல்லி தொர்த்தினாங்க. நாங்க நிக்கல. நிறுத்துனாங்க."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பாலர் வகுப்பில் ஒருநாள் திடீரென்று பெஞ்சுகள் காலியாகி, எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. கடல் தெரியும் இடம். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் துள்ளித் துள்ளிச் சொன்னேன். ஏன் காலியானது என்று நான் கேட்கவே இல்லை. ஐந்து வயதில் கேட்கத் தெரியாது, சரி. அதற்குப் பிறகு நாற்பது வருடமும் கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்குத் தெரியும். தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் கண் எரியும், தொண்டை கமறும். சில நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்வோம். அந்த நாற்றத்துக்கு யாரும் யாரையும் நிறுத்தவில்லை. அப்பா பிடித்த மீனின் வாசனையோடு வந்த குழந்தைகளைத்தான் நிறுத்தினார்கள். அதையும் அவர்களே நின்றதாக எழுதிவைத்தார்கள்.

கிளம்பும்போது அந்த அக்கா கேட்டார், "அந்தப் பொஸ்தகத்துல என் பேரு வருமா?"

"கண்டிப்பா வரும்க்கா. விழாவுக்கு நீங்களும் வாங்க" என்றேன்.

அந்த வாரமே எழுதி முடித்தேன். வரலாற்றில் இரண்டு பக்கம் இதற்கு. பதினேழு பெயர்களையும் கட்டம் கட்டிப் போட்டேன். பக்கங்களைப் பார்வைக்கு அனுப்பிய மறுநாளே செயலாளர் அச்சகத்துக்கு வந்துவிட்டார். கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்.

"விழா நாள்ல எதுக்கும்மா இதெல்லாம்? யாரோ எப்பவோ செஞ்சது. இப்ப இருக்கறவங்க மனசு கஷ்டப்படும்."

"நிறுத்தப்பட்டவங்க மனசு?"

அவர் பையிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்தார். பெற்றோர்கள் பள்ளிக்குக் கொடுத்த மனு. குப்பத்துப் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகளை உட்காரவைக்க முடியாது என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது. கீழே இரண்டு வரிசையாகக் கையெழுத்துகள்.

"அஞ்சாவது யாருன்னு பாருங்க" என்றார்.

என் அப்பா.

அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் மதிப்பெண் அட்டைகளில் எல்லாம் இருக்கும். அப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தார். இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. யாரையும் அதட்டிக்கூடப் பேசமாட்டார். வாசலுக்கு வரும் மீன்காரம்மாவுக்கு மோர் கொடுக்காமல் அனுப்பமாட்டார். அவர்தான் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"உங்க அப்பாவை நானும் மதிக்கிறவன். அவர் பேரு வெளிய வரணுமா? நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லி, மனுவை என் மேஜைமேலேயே வைத்துவிட்டுச் செயலாளர் எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் அந்த இரண்டு பக்கங்களையும் நீக்கினேன். ஒரு நொடி வேலை. அந்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரமும் ஒரு திருமண மண்டப விளம்பரமும் அழகாகப் பொருந்தின. காசிமேட்டுக்குப் போய் அந்த அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. கூப்பிட்டதை மறந்திருப்பார், வரமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழா நாளில் மேடைக்கு அழைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். கீழே இறங்கி வந்தால், பந்தல் ஓரத்தில் அந்த அக்கா நிற்கிறார். நீலப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. கையில் மலர் இருந்தது.

"எனக்குப் படிக்கத் தெர்யாது. என் பேரு மட்டும் பார்த்தா தெர்யும். பொரட்டி பொரட்டிப் பார்த்தேன், காணம். எங்க கீது, காட்டு" என்று மலரை என்னிடம் நீட்டினார்.

வாங்கும்போது அவர் கையிலிருந்து எலுமிச்சை வாசனை வந்தது. நகக்கண் சிவக்கத் தேய்த்துக் கழுவியிருந்தார். இந்தப் பள்ளிக்குள் வருவதற்காக.

அவரைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மனு, கையெழுத்து, நான் பக்கத்தை எடுத்தது. அப்பாவின் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்ததையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. அவர் என் அழுகையைச் சட்டை செய்யவில்லை.

"உங்கப்பன் செத்துப் பூட்டாரு. நீ உசுரோடதான கீற?" என்றார். "அவரு அப்போ கையெழுத்துப் போட்டு எடுத்தாரு. நீ இப்போ எடுத்துட்ட. சொம்மா இருந்தவள இன்னாத்துக்குக் கூப்ட்ட?"

மலரைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார். பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் செயலாளர்மேல் கோபம், அப்பாமேல் கோபம், சிவப்பு மைக்காரர்மேல் கோபம் என்று சுற்றிச் சுற்றி, கடைசியில் எல்லாம் என்னிடமே வந்து நின்றது. மற்றவர்கள் செய்ததை மாற்ற முடியாது. நான் செய்தது அப்படியா?

வெளியூர்ப் பழைய மாணவர்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டிய மலர்கள் கட்டுக்கட்டாக எங்கள் அச்சகத்தில்தான் கிடந்தன. முகவரி ஒட்டி அனுப்புவதும் என் பொறுப்பு. அந்த இரண்டு பக்கங்களையும் மறுபடி எடுத்தேன். இன்னொரு பத்தி சேர்த்தேன்: 'இவர்களோடு தங்கள் பிள்ளைகளை உட்காரவைக்க முடியாது என்று பெற்றோர்கள் பள்ளிக்குக் கொடுத்த மனுவில் ஐந்தாவது கையெழுத்து என் தந்தையுடையது. இந்தப் பக்கங்களை முதலில் நீக்கியது நான்.' முதலாளியிடம் காட்டி, அச்சடிக்கலாமா என்று கேட்டேன். முழுவதும் படித்தார். "யாராச்சும் கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவேன். நல்ல தாள்லயே போடு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு மலரிலும் அந்தத் தாளைப் பசை வைத்து ஒட்டினேன். இரண்டு விளம்பரங்களுக்கும் நடுவில். திங்கட்கிழமை எல்லாம் தபாலில் போய்விட்டது.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். செயலாளர் தொலைபேசியில் கத்தினார். முதன்முதலாக அவர் குரல் உயர்ந்து கேட்டேன். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். அண்ணன், "அப்பாவைத் தெருவுல நிக்க வச்சிட்டியே" என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் பேசவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் மட்டும் அழைத்தார். அந்த மனுவில் தன் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கலாம், பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். இருந்தது. சொன்னேன்.

பதிவேட்டைத் திருத்தக் கேட்டு மூன்று முறை பள்ளிக்கு மனு கொடுத்தேன். பழைய பதிவேட்டில் கைவைக்க விதி இல்லை என்றார்கள். பொய் எழுத மட்டும் அன்று விதி இருந்தது போலிருக்கிறது.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். அந்த அக்கா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தைத் திறந்து நீட்டியபடியே நின்றேன். வெட்டிக்கொண்டிருந்த வஞ்சிரத்தை முடித்து, அதை வாங்க வந்தவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். விரலால் வரிசையாகத் தடவி வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதான?"

"அதான்க்கா."

ரொம்ப நேரம் பார்த்தார். "இம்மாம் சின்னதா போட்டுகீற" என்றார். பிறகு மற்ற பதினாறு பெயர்களையும் உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் யார் எங்கே இருக்கிறார், யார் போய்ச் சேர்ந்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

'பழசையெல்லாம் விடு, கோபத்தைக் குறைச்சுக்கோ' என்று இன்றும் பலர் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். நான் குறைத்துக்கொள்வதாக இல்லை. ஏனென்றால் என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியத்தை, கோபம் அடங்கி, எல்லோருக்கும் நல்லவளாக இருக்கலாம் என்று நினைத்த ஒரு சாயங்காலத்தில்தான் செய்தேன்.