கனத்த ரிவால்வர் கேட்டவர்

வண்ணார்பேட்டைத் துப்பாக்கிக் கடைக்கு நான் தோட்டா வாங்கப் போன காலையில் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். மலையடி ஊர்களுக்கு நடந்தே போய் அம்மை குத்துகிறவர். ஒடிசலான உடம்பு. வாதத்தில் வீங்கிய விரல்மூட்டுகள். எதையும் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

மணிமுத்தாற்றுப் பாதையில் கரடி நடமாட்டம். கைத்துப்பாக்கி இல்லாமல் போகக்கூடாதென்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். கைக்கு ஒன்றும் அமையாவிட்டால் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு இந்த வருஷம் அம்மை குத்த ஆள் இல்லை.

உள்ளங்கையில் அடங்குகிற புதுப் பிஸ்டலைக் கடைக்காரர் நீட்டினார். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தால்தான் குண்டு ஏறும். அம்மை குத்துகிறவர் மூன்று தடவை இழுத்தார், அசையவில்லை.

“என்ன வே, இழுத்துவிட ஒரு ஆளையும் கூட்டிட்டுப் போவீரா?” என்றார் கடைக்காரர்.

அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு அலமாரி மூலையில் கிடந்த பழைய, கனத்த ரிவால்வரைக் கேட்டு வாங்கினார். அதன் பின்பக்கம் சுத்தியல் போல நீட்டியிருந்த குதிரையை இரண்டு கட்டைவிரலாலும் பையச் சாய்த்தார். விசையைத் தொட்டதுதான் தாமதம், வெற்றுத் துப்பாக்கி டக்கென்றது. அவர் முகம் விடிந்துவிட்டது.

“இவ்வளவு கனமா இருக்கே, அண்ணாச்சி?” என்றேன்.

“கனத்தை இடுப்பு சுமக்கும். சுடும்போது உதைய கைதானே வாங்கணும்? சின்னது கழுதை மாதிரில்லா உதைக்கும்!”

ஆறு தோட்டா போதுமென்றார். வாசல்வரை போனவர் திரும்பி, “வரும்போது ஆறையும் அப்படியே தந்தா எடுத்துக்கிடுவியளா?” என்று கேட்டார்.

கடைக்காரர் கேலியை மறந்து எழுந்து நின்றார். “கண்டிப்பா கொண்டாரும் வே.”

அத்தனை பார்த்துப் பார்த்துத் துப்பாக்கி தேர்ந்தெடுத்தவர், சுடாமல் திரும்புவதையே நம்பிப் போனார். அந்த நம்பிக்கை எந்த ஊற்றிலிருந்து வந்ததோ, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.