பிரான்சிஸின் பில்லில் என் யு.பி.எஸ்.

ஜாசிந்தா தன் ராஜினாமாக் கடிதத்தைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொடுப்பதாக இருந்தாள். எந்தக் கணக்கை நம்பி அவள் அதைக் கொடுக்க இருந்தாளோ அந்தக் கணக்கில் நான் பிழை செய்திருக்கிறேன் என்பது, அதற்கு முந்தைய நாள் ஞாயிறு காலை ஏழு பத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. ஏழு பத்துக்குக் கரண்ட் போனது. கரண்ட் போன நேரம், கப்பல் வந்த நாள், மழை பிடித்த நாள் எல்லாவற்றையும் டைரியில் எழுதுவது என் பழக்கம். அந்தப் பழக்கம்தான் அன்று அவளையும் என்னையும் காப்பாற்றியது.

இப்போது டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேக்குப் போகிற இளைஞர்களுக்குப் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன்.

1. வேலை

நான் பார்த்த வேலைக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. கடைக்காரர்களும் சிறு கம்பெனிக்காரர்களும் கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் அதன் சர்வீஸுக்கும் இந்த வருடம் என்ன செலவு செய்தார்கள், அடுத்த வருடம் என்ன செய்வார்கள் என்று கேட்டு, படிவத்தில் எழுதி, சென்னைக்கு அனுப்ப வேண்டும். சென்னை ஆபீஸில் அதைக் கூட்டிப் பெருக்கி ஃபோர்காஸ்ட் தயாரிப்பார்கள். சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனிகள் அதை விலைக்கு வாங்கி, எந்த ஊரில் ஆள் போடலாம், எந்த ஊரில் ஆபீஸ் திறக்கலாம் என்று முடிவு செய்யும். நான் குடியிருக்கும் அந்தமான் தீவுகளுக்கு ஃபீல்டு ஆள் நான் ஒருவன்தான்.

பல வருடங்கள் அந்தமான் அந்த அறிக்கைகளில் 'இதர' என்ற வரிக்குள் கிடந்தது. கடலுக்கடியில் கேபிள் வந்து, இங்கேயும் இன்டர்நெட் ஓட ஆரம்பித்த பிறகு, பில்லிங் சாஃப்ட்வேர் விற்கும் ஒரு கம்பெனி தீவுகளுக்கென்று தனி அறிக்கை கேட்டது. ஆறு வாரம் அலைந்தேன். ஜங்லிகாட், அபர்தீன் பஜார், பாம்பூஃபிளாட் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். தூரத்தில் இருக்கும் கார் நிக்கோபார் தீவை மட்டும் போனில் முடித்தேன்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. பில் இருந்தால் பில்லைப் போட்டோ எடுத்து, தொகையை எழுது. பில் இல்லையென்றால், பொருளைக் கண்ணால் பார்த்து மார்க்கெட் விலையை எழுது. மெயின்லேண்டில் எந்த ஊரிலும் இந்த விதியில் கோளாறு வந்ததில்லை.

ஜங்லிகாட்டில் படகு எஞ்சின் ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர் பிரான்சிஸ். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கக் கப்பலேறிச் சென்னை போவார். அன்று அவர்தான் என் கடைசிப் பேட்டி. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ட்ரிப்புக்கு ஒன்றாகப் போட்ட இரண்டு பெரிய பில்களை எடுத்து நீட்டினார். போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டும் உங்க பில்தானே?" என்று கேட்டேன்.

"என் பேர்லதான் போட்டிருக்கு அண்ணாச்சி. ஒரே பில்லாப் போட்டா டிஸ்கவுண்ட் தாரான்."

"அடுத்த வருஷம் இதே அளவா, கூடுமா?"

"கூடும். ட்ரிப்புக்கு ட்ரிப்பு கூடிக்கிட்டேதான் போவுது. போன தடவ கப்பல்ல எனக்குப் படுக்க இடமில்ல. டப்பாவெல்லாம் பெர்த்துல படுத்து வந்துச்சு, நான் கீழ உக்காந்து வந்தேன்."

சிரித்துக்கொண்டே 'கூடும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஒரு எஞ்சின் பட்டறைக்கு எதற்கு இத்தனை டப்பா என்று கேட்டிருக்க வேண்டும். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. இல்லாத கேள்வியை நானாகக் கேட்கவும் தோன்றவில்லை.

2. சாத்தம் படகுத் துறையில் சொன்ன இரண்டு வார்த்தை

ஜாசிந்தா ஒரு அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வீடு பாம்பூஃபிளாட்டில். தினமும் ஃபெர்ரிப் படகில் கடலைத் தாண்டிச் சாத்தம் வந்து, அங்கிருந்து பஸ் பிடிப்பாள். எட்டு வருடம் கான்ட்ராக்டில் இருந்து, பிறகுதான் வேலை நிரந்தரமானது. கணவர் ஆண்டனி மீன்பிடிப் படகுக்குப் போகிறவர். கடல் விட்டால்தான் அவருக்கு வருமானம். மாதா மாதம் வீட்டுக்கு வருவது அவள் சம்பளம் ஒன்றுதான். பில்லிங் சாஃப்ட்வேரில் ஏதாவது மாட்டிக்கொண்டால் பாதிக் கடைக்காரர்கள் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். போனிலேயே சொல்லிச் சரி செய்துவிடுவாள்.

எங்கள் அறிக்கையை வாங்கிய கம்பெனிக்கு இது எப்படியோ தெரிந்திருக்கிறது. தீவுகளில் எங்கள் சாஃப்ட்வேரைக் கமிஷனுக்கு விற்றுச் சர்வீஸ் செய்யும் பார்ட்னராக இருங்கள், ஆனால் முழு நேரமும் இதே வேலையாக இருக்க வேண்டும் என்று அவளைக் கேட்டார்கள். அறிக்கையில் அந்தமான் பக்கத்தையும் காட்டியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை சாத்தம் ஜெட்டியில் என்னைப் பார்த்தவள் அந்தப் பக்கத்தின் நகலோடு நேராக வந்தாள்.

"அண்ணே, இது உங்க சர்வேதான?"

நான் செய்த வேலையை ஒருவர் கையில் பிடித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. என்னுடையதுதான் என்றேன்.

"அப்ப திங்கக்கிழம தைரியமா லெட்டர் குடுக்கலாம்ல?"

"தைரியமாக் கொடு" என்றேன்.

3. ஏழு பத்து

ஞாயிறு காலை பழைய படிவங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் அணைந்துவிட்டது. வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்காதே என்று திருப்பிப் பார்த்தேன். வீட்டுக்கு வருகிற எந்தப் பொருளிலும் வந்த தேதியைச் சீட்டில் எழுதி அடியில் ஒட்டிவிடுவேன். சீட்டின்படி வாரண்டி இன்னும் இருந்தது. வாரண்டிக்குப் பில் வேண்டும். பில் யாரிடம் என்று யோசித்தபோது, அதை மெயின்லேண்டிலிருந்து வாங்கி வந்தவர் பிரான்சிஸ் என்பது நினைவுக்கு வந்தது. பிரான்சிஸின் பில்கள் என் போனிலேயே இருந்தன, சர்வேக்காக எடுத்த போட்டோவில்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யு.பி.எஸ். ஆறு என்று இருந்தது, கீழே வரிசையாக ஆறு சீரியல் நம்பர். நான்காவது நம்பர் என் கையில் இருந்த பெட்டியின் அடியில் அச்சடித்த நம்பர். பில் போட்டது ஒரு வியாழக்கிழமை. என் சீட்டில் இருந்தது அதற்கு அடுத்த செவ்வாய். டைரியைப் புரட்டினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான் சென்னைக் கப்பல் வந்திருக்கிறது.

அதே பில்லில் பில்லிங் சாஃப்ட்வேர் லைசென்ஸ் பதினொன்று, பிரிண்டர் ஐந்து. பிரான்சிஸின் பட்டறையில் ஒரு கம்ப்யூட்டர்தான் உண்டு. உடனே அவருக்குப் போன் செய்தேன்.

"பிரான்சிஸ், அந்த ரெண்டு பில்லுல உங்களுக்குன்னு வாங்கினது எது?"

கொஞ்சம் யோசித்தார். "எனக்கா? ஒரு மவுஸ் அண்ணாச்சி."

தீவில் யார் மெயின்லேண்ட் போனாலும் தெருவே லிஸ்ட் கொடுக்கும். மருந்து, மிக்ஸி ஜார், பள்ளிக்கூட ஷூ, இப்போது சாஃப்ட்வேர் லைசென்ஸ். போகிறவர் தன் பெயரில் ஒரே பில்லாகப் போட்டு எல்லாம் வாங்கி வருவார். முப்பது வருடமாக நானும் லிஸ்ட் கொடுத்து வாழ்ந்தவன்தான். ஆனாலும் பிரான்சிஸிடம் பில்லைப் பார்த்து ஒரு தடவை எண்ணினேன். அதே லைசென்ஸுகளும் பிரிண்டர்களும் போய்ச் சேர்ந்த கடைகளில் பில் இல்லாததால் பொருளைப் பார்த்து மறுபடி எண்ணினேன். அடுத்த வருடம் கூடும் என்று இரண்டு இடத்திலும் டிக் அடித்தேன். என் படிவங்களில் பிரான்சிஸ் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ.

சென்னையில் என் மேனேஜர் ரகுராம். என்னைவிட இருபது வயது சின்னவர். போன் செய்து, அந்தமான் நம்பர் தப்பு, இரண்டு முறை எண்ணிவிட்டேன் என்றேன்.

"ரிப்போர்ட் டெலிவர் ஆயிடுச்சு சார். இப்ப நானா போய் க்ளையன்ட்கிட்ட தப்புன்னு சொல்லணுமா? முதல்ல எழுதி அனுப்புங்க. நாளைக்கு மத்தியானம் பேசலாம். அதுவரைக்கும் வெளியில யார்கிட்டயும் வாய் திறக்காதீங்க. நீங்க சைன் பண்ணியிருக்கீங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. அறிக்கை பற்றி வெளியே பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் வேலையில் சேர்ந்தேன். ஆனால் நாளை மத்தியானத்துக்குள் ஜாசிந்தாவின் கடிதம் அதிகாரி மேஜையில் இருக்கும். அப்படிப் போன வேலை திரும்பி வராது. எட்டு ஐந்துக்கு மெயில் அனுப்பினேன். எட்டரைக்கு ஸ்கூட்டரைச் சாத்தத்தில் நிறுத்திவிட்டு ஃபெர்ரியில் ஏறினேன்.

பாம்பூஃபிளாட்டில் ஜாசிந்தா மாதா கோயில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. ஆண்டனி வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"நாளைக்கு லெட்டர் கொடுக்காதே. ஒரு வாரம் தள்ளிப் போடு."

"ஏண்ணே?"

"காரணம் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

என்னையே பார்த்தாள். "வெள்ளிக்கிழம தைரியமாக் கொடுன்னு சொன்னீங்களே, அப்ப அந்தக் கையெழுத்து ஞாபகம் வரலியா?"

வாசலிலிருந்து ஆண்டனி தலையைத் தூக்காமலே பேசினார். "ஹார்பர்ல இன்னைக்கு இறங்காதன்னு சொன்னா, ஏன் எதுக்குன்னு கேட்டுக்கிட்டா நிக்கோம்? படகத் திருப்புதோம்ல. ஒரு வாரம்தான. விடு."

"நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு என்னிடம் திரும்பினாள். "தலைய ஆட்ட வேண்டாம்ணே, வாயத் திறக்க வேண்டாம். நம்பர் தப்புன்னு எனக்கே புரியுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தப்பு அவங்க மேலயா, உங்க மேலயா?"

"என் மேல."

"அப்ப சரி. ஒரு வாரம்." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "சாயா போடட்டா?" என்றாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை மீறினேனா என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். மீறினேன் என்றுதான் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

4. யார் மூலமாக, யாருக்காக

திங்கள் முதல் வியாழன் வரை எல்லாக் கடைகளுக்கும் மறுபடி போனேன். இந்தத் தடவை இரண்டே கேள்வி. இதை யார் மூலமாக வாங்கினீர்கள்? யாருக்காக வாங்கினீர்கள்?

ஜங்லிகாட்டில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கும் வங்காளி பிஸ்வாஸ், அண்ணன் என்ற பொருளில் நாங்கள் தாதா என்று கூப்பிடுபவர், முதல் கேள்விக்கே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அரே தாதா, ஆப்கா யு.பி.எஸ். பீ தோ உசி டப்பே மே ஆயா தா" என்றார். என் யு.பி.எஸ்.ஸும் அதே பெட்டியில்தான் வந்ததாம். அவர்தான் பெட்டியைப் பிரித்துப் பங்கு வைத்தவர். ஜங்லிகாட்டுக்கே தெரிந்த விஷயம், ஆறு வாரம் சர்வே செய்தவனுக்குத் தெரியவில்லை.

தெருவுக்கு ஒருவராவது பிரான்சிஸ் மாதிரி இருந்தார்கள். ஒருவர் ஹோட்டல் வைத்திருப்பவர், ஒருவர் பஸ் ஓனர், பாம்பூஃபிளாட்டில் ஒரு டீச்சர். இரட்டிப்பாக எண்ணியதை எல்லாம் கழித்தபோது, முதலில் சொன்ன தொகையில் பாதிக்கும் கொஞ்சம் கூடுதலாகத்தான் நின்றது. வியாழன் மாலை ரகுராமுக்கு அனுப்பினேன். அன்றே அவர் அதைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். அந்தத் தைரியத்தை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளி பகல் அவரே கூப்பிட்டார். "திட்டுவாங்கன்னு நினைச்சேன் சார். தேங்க்ஸ் சொல்றாங்க. அடுத்த மாசம் அங்க ஆபீஸுக்கு வாடகை பேச இருந்தாங்களாம். ஃபுல் டைம் பார்ட்னர் இப்போதைக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலு நாளா எனக்குச் சோறே இறங்கல சார். இப்பதான் பிரியாணி ஆர்டர் பண்ணியிருக்கேன்" என்றார். நானும் அன்றுதான் மத்தியானம் படுத்துத் தூங்கினேன்.

அந்த இரண்டு கேள்வியும் அதன் பிறகு படிவத்தில் நிரந்தரமாக ஏறின. சர்வேக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். பில் எவர் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். பொருள் எந்த வழியாக எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். கேட்கப் போகிற ஊரில் நீங்களே குடியிருந்தால், முதல் படிவத்தை உங்கள் வீட்டுக்கே நிரப்பிப் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் நான்காவது சீரியல் நம்பர் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

சனிக்கிழமை பாம்பூஃபிளாட் போனேன். கம்பெனியிலிருந்து ஜாசிந்தாவுக்கும் போன் வந்திருந்தது. பார்ட்னர் வேலை இல்லை என்றதில் அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆண்டனியின் படகு எஞ்சின் அந்த வாரம்தான் ரிப்பேராகி உட்கார்ந்திருந்தது. சம்பளம் வந்ததால் வீட்டில் அடுப்பு எரிந்தது. எனக்குச் சாயா வந்தது, கூடவே வறுத்த மீனும் வந்தது.

கிளம்பும்போது, பிரான்சிஸ் எப்போது கப்பலேறுகிறார் என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றேன். ஃபிரிட்ஜ் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து, உள்ளேயிருந்த கடிதத்தை உருவி, திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தாள். கிரைண்டர் பெல்ட் ஒன்று. பெரியவனுக்கு ஷூ, அஞ்சாம் நம்பர். பென் டிரைவ் ஒன்று.

"இது உன் லெட்டர் ஆச்சே" என்றேன்.

"பின்பக்கம் சுத்தமாத்தான இருக்கு."

லிஸ்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறினேன். சாத்தம் வருவதற்குள் அதை ஒரு முறை எடுத்து, அவள் எழுதியதற்குக் கீழே 'யு.பி.எஸ். பேட்டரி, வாரண்டியில் மாற்ற – 1' என்று சேர்த்தேன். பக்கத்தில், யாருக்காக என்பதில் சந்தேகம் வராதபடி, என் முழுப் பெயரையும் எழுதினேன்.