கிள்ளப்பட்ட பட்டாணி

டென்மார்க்கின் வைலே நகரில் நாங்கள் இருப்பது அடுக்குமாடியில். மண் தொட ஆசைப்பட்டு நகரத்தின் ஓரத்தில் ஒரு சிறு தோட்டத்துண்டை வாடகைக்கு எடுத்தேன். ஏப்ரலில் பட்டாணி போட்டேன். காய்ந்த கிளைகளை ஊன்றிக் கொடியை ஏற்றிவிட்டேன். ஜூன் கடைசியில் காய்கள் பிடித்தன. கறிக்கு நன்றாக முற்றட்டும், அதுவரை ஒருவரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

ஒரு புதன்கிழமை போனால் கீழ்ப்பகுதியில் ஒரு காய்கூட இல்லை. புறா கொத்தியிருந்தால் கோது கிழிந்து கிடக்கும். இங்கே காம்பில் நகம் பட்ட அடையாளம். மனிதக் கைதான்.

பக்கத்துத் துண்டு ஓய்வுபெற்ற ஒரு டேனிஷ்காரருடையது. அவர் உருளைக்கிழங்கும் ரோசாவும் மட்டுமே வளர்ப்பவர். அன்று வேலியோரம் நின்று பச்சைப் பட்டாணியை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது எங்கே கிடைத்தது?" என்று டேனிஷில் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு காகிதப் பையை உயர்த்திக் காட்டி, "வீதியோரம் விற்கிறார்கள்" என்றார். நான் நம்பவில்லை. பையில் யாரும் எதையும் போடலாம். அதன்பின் அவர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையும் குற்றவாளியின் குணம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தொழிற்சாலையிலிருந்து முன்னதாகவே கிளம்பிக் கருவிக் கொட்டிலின் பின்னால் நின்றேன். சைக்கிள் ஒன்று வந்து நின்றது. முதியோர் இல்லத்து வேலைச் சட்டையோடு என் மனைவி இறங்கிக் காய்களைக் கிள்ளத் தொடங்கினாள்.

"நீரோ?"

அவள் திடுக்கிடவில்லை. "ஓம், நான்தான். இல்லத்தில ஒரு கிழவர் இருக்கிறார். முந்தி வயல், தோட்டம் எண்டு கமம் செய்தவராம். கொஞ்ச நாளா ஒண்டும் வாயில வைக்கிறாரில்லை. அவிச்ச பட்டாணி குடுத்தால் துப்பிறார். கோதோட குடுத்தால் தானே உரிச்சுச் சாப்பிடுறார்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"முத்தட்டும் எண்டு சொல்லுவியள். அதுவரைக்கும் அவர் இருக்கவேணுமே."

நானும் குனிந்து அவளோடு சேர்ந்து பறித்தேன். ஆனாலும் இவ்வளவு நாளும் என் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டாளே என்ற நினைப்பு உறுத்தியது.

மறுநாள் பக்கத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்கள் மனைவி வருவதை நான் பார்த்தேன்" என்றார்.

"அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் அதைக் கேட்கவில்லை. என் கையில் இருந்ததைத்தானே கேட்டீர்கள்."

சொல்லிவிட்டு ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அந்தக் கோடை முழுவதும் அவர் என்னோடு அதற்குமேல் கதைக்கவில்லை.